எறிதலும் வீசுதலும்: முத்தையா முரளிதரனின் பந்துவீச்சு வாழ்வு

கையிலுள்ள பொருளைத் தொலைவிற் செலுத்துதற்குத் தமிழிற் பல வினைகள் உள. எறிதல், வீசுதல், எய்தல், விட்டெறிதல் என்பன அவற்றுட் சில. இவற்றுள் எறிதற்கும் வீசுதற்கும் இடையே அன்றாட வழக்கில் நாம் பெரிதும் வேற்றுமை பாராட்டுவதில்லை. கல்லை எறிந்தான் என்றாலும் வீசினான் என்றாலும் கேட்போர் ஒன்றாகவே கொள்வர். ஆயின், கிரிக்கெட் ஆட்டத்திலோ இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள வேலியே சட்டமாக நிற்கிறது. முழங்கையை மடக்கிப் பின் நீட்டி விடுவது எறிதல், அது குற்றம். நீட்டிய கையைத் தோளினின்று சுழற்றி விடுவது வீசுதல், அதுவே முறை. மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர் வழித்தோன்றல் ஒருவர் பதினைந்து ஆண்டுக்கு மேலாக இந்த வேலியின்மேல் நிறுத்தப்பட்டு வழக்காடப்பட்டார். அவர் வாழ்வை அவ்வழக்கினின்றும் பிரித்துக் கூறுதல் இயலாது.

அமெரிக்கரின் பேஸ்போல் ஆட்டத்தில் இவ்வேலி இல்லை. அங்கு பந்தெறிவோன் முழங்கையை மடக்கியே எறிகிறான். எறிதலே அவன் கலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கலையிற் புகழ்பெற்ற மோர்டிகாய் பிரவுண் என்பவரை ஈண்டு நினைவுகூர்தல் பொருத்தமாகும். 1876இல் இந்தியானா மாநிலத்தில் உழவர் குடும்பமொன்றிற் பிறந்த அவர், சிறு பிள்ளையாயிருந்தபோது தீவனம் வெட்டும் பொறியிற் கையைக் கொடுத்து வலக்கைச் சுட்டுவிரலின் பெரும்பகுதியை இழந்தார். பின்னர் விழுந்து மற்ற விரல்களும் முறிந்து கோணலாயின. இளமையில் நிலக்கரிச் சுரங்கத்திலும் தொழில் செய்தார். அந்த ஊனக்கையால் எறியப்பட்ட பந்து, எதிர்நின்று அடிப்போனை அணுகுகையிற் பிறர் பந்து போலன்றித் திடீரெனத் தாழ்ந்தும் விலகியும் சென்றது. சிகாகோ கப்ஸ் அணிக்காக 1906 முதல் 1911 வரை ஆறு பருவங்களில் ஒவ்வொன்றிலும் இருபதோ அதற்கு மேலோ வெற்றிகளை ஈட்டினார். 1907இலும் 1908இலும் அவ்வணி உலகத் தொடரை வென்றது. (அதன்பின் அவ்வணி மறுபடி அத்தொடரை வெல்ல 2016ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது என்பதை எண்ணுங்கால், பிரவுணின் காலம் எத்தகையது என்பது புலனாகும்.) மூன்றுவிரல் பிரவுண் என மக்கள் அவரை அன்போடு அழைத்தனர். கையின் ஊனம் அவருக்கு முறையற்ற நன்மை தருகிறது என்று எவரும் அவரை ஆடுகளத்தினின்றும் விலக்கக் கருதவில்லை. பேஸ்போல் சட்டம் கையின் வடிவத்தை வினவவில்லை.

கிரிக்கெட் வினவியது.

மலைநாட்டிற்குக் கிரிக்கெட் புதிதன்று. ஹட்டனிலிருந்து டிக்கோயா செல்லும் வழியில் தறவளை மைதானமும், நானுஓயாவை அடுத்த ரதெல்ல மைதானமும் தேயிலைத் துரைமாரின் கழகங்களுக்குரியனவாய்ப் பத்தொன்பதாம் நூற்றாண்டு தொட்டுப் பெயர்பெற்றவை. மலைச்சரிவைச் சமப்படுத்திப் புல் வளர்த்து, சுற்றிலும் கொழுந்து மலைகள் சூழ அமைந்த அவ்விடங்களின் அழகைக் கண்டோர் மறவார். ஆயினும், அப்புற்றரையைச் சமப்படுத்திய கைகள் யாருடையவை, அதன்மீது வெள்ளாடை உடுத்தி ஆடியவர் யாவர் என்ற வினாக்களுக்கு விடை வேறுவேறானது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வாய்த்த மைதானம் பிரட்டுக்களமே. காலையிற் பெயர் பதிந்து தொழிலாளர் மலைக்குச் சென்றபின், அல்லது மாலையிற் கொழுந்து நிறுத்து முடிந்தபின், அக்களத்திற் பலகைத் துண்டைத் துடுப்பாகவும் மண்ணெண்ணெய்த் தகரத்தை விக்கெட்டாகவும் கொண்டு ஆடிய தலைமுறைகள் பல. பந்து சரிவில் உருண்டால் அடுத்த லயத்துக்கும் அப்பாற் சென்று தேடவேண்டும். ஆகவே நேரே அடிப்பதையும் நேரே வீசுவதையும் அங்கு பிள்ளைகள் விரைவிற் கற்றுக்கொள்வர் என்று முதியோர் நகைச்சுவையாகக் கூறுவதுண்டு.

இத்தகைய பிரிவினை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவில் அதே காலத்தில் வாழ்ந்த பல்வங்கர் பாலூ என்னும் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளரின் கதை அதனினும் கொடியது. தீண்டாமைக்குட்பட்ட குலத்திற் பிறந்த பாலூ, புனே நகரில் ஆங்கிலேயர் கழகமொன்றில் ஆடுகளம் பேணும் சிறு வேலையில் இருந்துகொண்டே, பயிற்சிக்கு வரும் துரைமாருக்குப் பந்து வீசிப் பந்துவீச்சைக் கற்றார். அவர் திறமையைக் கண்டு இந்துக்களின் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆயினும், இடைவேளையில் ஏனையோர் கூடத்தினுள் இருந்து தேநீர் அருந்த, பாலூவுக்கு வெளியே மண்கலயத்தில் தேநீர் வழங்கப்பட்டது என ஆராய்ச்சியாளர் எழுதியுள்ளனர். நம் மலைகளிற் பறித்த தேயிலையும் அக்கலயத்தில் இருந்திருக்கக்கூடும். 1911இல் அனைத்திந்திய அணியுடன் இங்கிலாந்து சென்ற பாலூ 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். பிறர் சோர்ந்த அப்பயணத்தில் அவர் ஒருவரே தலைநிமிர்ந்து நின்றார். அவ்வாறிருந்தும் இந்துக்கள் அணியின் தலைமை அவருக்கு ஒருபோதும் அளிக்கப்படவில்லை. அவர் தம்பி விட்டலுக்கே 1923இல் அது கிட்டியது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1920ஆம் ஆண்டில் தென்னிந்தியாவினின்றும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குத் தொழில் நாடி வந்தவர்களுள் பெரியசாமி சின்னசாமி என்பவரும் ஒருவர். அக்காலத்தில் மண்டபம் முகாமிலே தங்கவைக்கப்பட்டு, தனுஷ்கோடியிற் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி மலைக்கு வந்த பல்லாயிரவரின் வரலாறு நாம் அறிந்ததே. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலாரை நாடற்றவர் ஆக்கிற்று. 1964இல் ஏற்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சியோரைப் பற்றிய முடிவு 1974 வரை ஒத்திவைக்கப்பட்டது. குடும்பங்கள் அக்கரை ஒரு பாதி இக்கரை ஒரு பாதியெனப் பிளவுண்டமை மலைநாட்டில் அரிய செய்தியன்று. சின்னசாமியும் பிற்காலத்தில் தம் பெண்மக்களுடன் இந்தியா திரும்பித் திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்தார். ஆண்மக்கள் இங்கேயே தங்கினர். அவர்களுள் ஒருவரான முத்தையா கண்டிக்கு அண்மையில் பிஸ்கட் தயாரிக்கும் தொழிலைத் தொடங்கி முன்னேறினார். அவருடைய நான்கு புதல்வருள் மூத்தவராக 1972ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் கண்டியிற் பிறந்தவரே முரளிதரன்.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகக் கூறல் வேண்டும். லயத்து அறையிற் பிறந்து கொழுந்துக் கூடையின் நிழலில் வளர்ந்த பிள்ளையாக முரளிதரனைச் சித்திரிக்கும் பேச்சுக்களையும் எழுத்துக்களையும் நம்மிடையே அடிக்கடி காண்கிறோம். அது அன்பினால் எழுந்த மிகை. அவர் தந்தையார் தொழிலதிபர். அவர் பயின்றது கண்டியிற் சிறந்து விளங்கும் புனித அந்தோனியார் கல்லூரி. நல்ல மைதானமும், பயிற்றுநரும், ஆண்டுதோறும் போட்டிகளும் அவருக்கு வாய்த்தன. அவருடைய வயதொத்த தோட்டத்துச் சிறுவன் ஒருவன் இதே கையோடும் இதே ஆர்வத்தோடும் மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ பிறந்திருப்பின், அவன் பந்து எந்தத் தேர்வாளர் கண்ணிற் பட்டிருக்கும்? தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே அந்தப் பத்தாண்டுகளில்தான். அவற்றுட் பல ஒரே மண்டபத்தில் ஓரிரு ஆசிரியருடன் நடந்தவை. முரளிதரனின் வெற்றியை மலையகத்தின் வெற்றியெனக் கொண்டாடுவது தவறன்று. அதனை மலையகத்துக்கு வழி திறந்துவிட்டதற்குச் சான்றாகக் கொள்வதே தவறு.

வசதியும் அவரை எல்லாவற்றினின்றும் காத்துவிடவில்லை. 1977ஆம் ஆண்டின் இனக்கலவரத்தில் குடும்பத்தின் தொழிற்கூடம் தீக்கிரையாயிற்று. முரளிதரனுக்கு அப்போது வயது ஐந்து. அயலிலிருந்த சிங்களவரே தம் குடும்பத்தாரைக் காத்தனர் என்பதை அவர் பின்னாளில் நேர்காணல்களிற் கூறியிருக்கிறார்.

கல்லூரியில் முதலில் மிதவேகப் பந்து வீசிய சிறுவனை, பதினான்கு வயதளவிற் சுழற்பந்துக்கு மாறும்படி பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ அறிவுறுத்தினார். அவ்வறிவுரையே ஒரு வாழ்வின் திருப்புமுனையாயிற்று. 1990-91 பருவத்தில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தி அவ்வாண்டின் சிறந்த பாடசாலை வீரராகத் தெரிவு செய்யப்பட்டார். கொழும்பில் அவர் சேர்ந்த கழகம் தமிழ் யூனியன். 1899இல் தோன்றிய அக்கழகத்தின் ஓவல் மைதானத்திலேயே 1982 பெப்ரவரியில் இலங்கையின் முதல் டெஸ்ட் ஆட்டம் நடைபெற்றது. சதாசிவம் என்னும் ஒப்பற்ற துடுப்பாட்ட வீரரை நாட்டுக்கு அளித்ததும் அதுவே. 1991இல் இலங்கை ஏ அணியுடன் இங்கிலாந்து சென்ற முரளிதரன் ஐந்து ஆட்டங்களில் ஒரு விக்கெட்டையும் பெறவில்லை. பின்னாளில் உலகின் முதல்வராய் விளங்கியவரின் முதற் பயணம் அவ்வாறு வெறுங்கையோடு முடிந்தது. மறு ஆண்டு, 1992 ஓகஸ்ட் 28ஆம் நாள் கொழும்பு பிரேமதாச மைதானத்தில் அவுஸ்திரேலியருக்கெதிராகத் தொடங்கிய டெஸ்டில் அவர் முதன்முதல் ஆடினார். அவர் வீழ்த்திய முதல் விக்கெட் கிரேக் மெக்டேர்மட்.

அவருடைய பந்து ஏனையோர் பந்தினின்றும் வேறுபட்டது எங்ஙனம்? பொதுவாக ஓஃப் ஸ்பின் வீசுவோர் சுட்டுவிரலாற் பந்தைத் திருகுவர். விரல் தரும் திருகலுக்கு ஓர் எல்லை உண்டு. ஈரமற்ற, வெடிப்பற்ற கடினமான தளத்தில் அது பயன்படாது போதலும் உண்டு. முரளிதரனோ விரலோடு மணிக்கட்டையும் சுழற்றினார். அவருடைய மணிக்கட்டு இயல்பிலேயே அளவுகடந்து வளையக்கூடியது. தோளும் அவ்வாறே. இவற்றோடு பிறவியிலேயே முற்றாக நிமிராத முழங்கை ஒன்றும் சேர்ந்தது. நேராக நீட்டு என்றாலும் அக்கை நீளாது, வளைந்தே நிற்கும். அவ்வளைவும் மணிக்கட்டின் சுழற்சியும் தோளின் வேகமும் ஒன்றுகூடியபோது, கண்ணாடி போன்ற தளத்திலும் பந்து பாம்பெனத் திரும்பியது. வளைந்து நிற்கும் கை வேகமாகச் சுழலும்போது பார்ப்போன் கண்ணுக்கு மடங்கி நிமிர்வதுபோலத் தோன்றும். வழக்கின் வேர் அதுவே.

1995 டிசம்பர் 26ஆம் நாள் மெல்பேர்ண் மைதானத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் முன்னிலையில் நடுவர் டெரல் ஹெயார், மூன்று ஓவர்களுள் ஏழு முறை கையை நீட்டி நோ போல் என அறிவித்தார். எறிகிறார் என்பதே குற்றச்சாட்டு. திருட்டுப் பட்டத்துக்கு ஒப்பானது பந்துவீச்சாளனுக்கு இப்பட்டம். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அவரை மறுமுனைக்கு மாற்றினார். அங்கு நின்ற நடுவர் அதே கையை, அதே வீச்சைக் குற்றமெனக் கொள்ளவில்லை. அவர் தொடர்ந்து வீசினார். ஒரே ஆட்டத்தில், ஒரே நாளில், ஒரு முனையிற் குற்றமும் மறுமுனையிற் குற்றமின்மையும்! சட்டம் கண்ணளவையை மட்டுமே நம்பியிருந்ததன் விளைவு இது. பத்து நாள் கழித்துப் பிரிஸ்பேனில் ரொஸ் எமர்சன் என்னும் நடுவரும் அவ்வாறே அறிவித்தார். எறிந்துவிட இயலாதது எனப் பலராலும் கருதப்படும் லெக் பிரேக் பந்தை அவர் வீசிக் காட்டியபோதும் நோ போல் என்ற குரல் எழுந்தது. 1999 ஜனவரியில் அடிலெய்டில் எமர்சன் மறுபடி அறிவிக்க, ரணதுங்க தம் வீரரைக் கூட்டிக்கொண்டு எல்லைக்கோடு வரை சென்றார். ஆட்டம் நீண்ட நேரம் நின்றது. ரணதுங்கவின் செயலை ஒழுங்குமீறல் என்போரும் உளர். சிங்களத் தலைவர் ஒருவர் தம் அணியின் தமிழ் வீரருக்காக உலகறிய முரண்டு நின்ற அந்நாள், உள்நாட்டில் போர் நடந்துகொண்டிருந்த காலத்தது என்பதையும் உடன் எண்ணுதல் வேண்டும்.

இதற்கிடையில் 1996இலேயே மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் அவர் கை ஆராயப்பட்டது. பல கோணங்களில் நிறுத்திய ஒளிப்படக் கருவிகள், அது எறிதலன்று, எறிதல் போன்ற தோற்றமே என்ற முடிவைத் தந்தன. எனினும் ஐயம் ஓயவில்லை. எதிர்ப்புறம் திரும்பும் தூஸ்ரா என்னும் பந்தை அவர் வீசத் தொடங்கியபின் 2004இல் அது மீளவும் முறையிடப்பட்டது. அவ்வாண்டு அவுஸ்திரேலியப் பிரதமரே அவரை எறிபவர் என வெளிப்படையாகக் கூறினார்; முரளிதரன் அந்நாட்டுப் பயணத்தினின்றும் விலகிக்கொண்டார். அதே ஆண்டு இங்கிலாந்தில், கை சிறிதும் மடங்கவொண்ணாத எஃகு வலுவூட்டிய கவசம் ஒன்றை முழங்கையில் அணிந்து தொலைக்காட்சிக் கருவிகள் முன் தம் பந்துகளையெல்லாம் வீசிக் காட்டினார். பந்து முன்போலவே திரும்பியது. இன்னொருவர் தம் நேர்மையை மெய்ப்பிக்க உறுப்பைப் பூட்டிக்கொண்டு உலகின்முன் நிற்க நேர்ந்ததை விளையாட்டு வரலாற்றில் யாம் கண்டதில்லை.

இவ்வாராய்ச்சிகளால் விளைந்த ஓர் உண்மையே இக்கதையில் மிகச் சுவையானது. நுண்கருவிகளால் ஏனைய வீச்சாளர்களையும் அளந்தபோது, கறையற்ற கையினர் எனப் புகழப்பட்ட வேகப்பந்து வீச்சாளர் உட்பட ஏறக்குறைய அனைவருமே பந்தை விடுகையில் முழங்கையைச் சில பாகையளவு நிமிர்த்துகின்றனர் என்பது புலப்பட்டது. அதுகாறும் வேகவீச்சாளருக்கு 10 பாகையும் மிதவேகத்தினருக்கு 7.5 பாகையும் சுழல்வீச்சாளருக்கு 5 பாகையும் எல்லையாக இருந்தன. 2005இல் எல்லாருக்கும் 15 பாகை என்ற ஒரே எல்லை வகுக்கப்பட்டது. முரளிதரனுக்காகவே சட்டம் வளைக்கப்பட்டது என இன்றும் கூறுவோர் உளர். அது பாதி மெய். அவரை அளக்கப் புகுந்ததனாலேயே அனைவரையும் அளக்க நேர்ந்தது. அனைவரையும் அளந்ததும் பழைய எல்லையை எவராலும் காக்க இயலாது போயிற்று.

வழக்கு ஒருபுறம் நடக்க, பந்து மறுபுறம் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. 1996இல் லாகூரில் உலகக் கிண்ணம் வென்ற அணியில் அவர் இருந்தார். 1998இல் லண்டன் ஓவலில் ஒரே டெஸ்டில் 220 ஓட்டங்களுக்கு 16 விக்கெட்டுகளை வீழ்த்தினார்; இரண்டாம் இனிங்ஸில் மட்டும் 65 ஓட்டங்களுக்கு 9. இங்கிலாந்து மண்ணில் இலங்கை பெற்ற முதல் டெஸ்ட் வெற்றி அது. 2002 ஜனவரியிற் கண்டி அஸ்கிரியவிற் சிம்பாப்வே அணியின் முதல் ஒன்பது விக்கெட்டுகளையும் அவரே கவர்ந்தார். பத்தாவதையும் பெற்றிருப்பின் அரிய சாதனையாயிருக்கும். அவர் பந்தில் எழுந்த பிடியொன்று கைநழுவ, சமிந்த வாஸ் வீசிய பந்தில் கடைசி ஆட்டக்காரர் ஆட்டமிழந்தார். வாஸும் விக்கெட் காப்பாளரும் மகிழ்ச்சியை அடக்கிக்கொண்டே முறையிட்டனராம்! தம் சொந்த ஊரில் அவருக்கு நேர்ந்த ஒரே ஏமாற்றம் இதுவாகலாம். 2007 டிசம்பர் 3ஆம் நாள் அதே மைதானத்திற் போல் கொலிங்வூட்டின் விக்கெட்டைச் சாய்த்து, ஷேன் வோர்ணின் 708 என்ற எண்ணைக் கடந்தார்.

அவர் அரசியல் குறித்துக் கூறியவை தமிழ் மக்களிடையே கடும் மாறுபாட்டுக்கு உள்ளாயின. அவர் வாழ்வைப் படமாக்க முயன்றபோது, அவர் வேடத்தில் நடிக்கவிருந்த தமிழ்நாட்டு நடிகர் 2020இல் எதிர்ப்பின் காரணமாக விலகிக்கொண்டார். வேறொரு நடிகருடன் அப்படம் 2023இல் வெளியாயிற்று. ஆடுகளத்திற் பேசாது வீசியவரின் கருத்துக்களை அவர் பந்தைப்போலவே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை; கருத்து உவவாமையினாற் பந்தை மறுத்தலும் முறையன்று.

2010 ஜூலையில் இந்திய அணிக்கெதிரான காலி டெஸ்டே தம் இறுதி டெஸ்ட் என அவர் முன்கூட்டியே அறிவித்திருந்தார். அப்போது அவர் கணக்கில் 792 விக்கெட்டுகள் இருந்தன. ஓர் ஆட்டத்தில் எட்டு வேண்டும். இரண்டாம் நாள் முழுவதும் மழை பெய்து ஆட்டம் நடைபெறவில்லை. முதல் இனிங்ஸில் ஐந்து பெற்றார். இரண்டாவதில் இரண்டு பெற்று 799இல் நிற்க, இந்தியாவின் ஒன்பதாவது விக்கெட் ஓட்டமெடுக்கும் முயற்சியில் வீழ்ந்தது. எஞ்சியது ஒன்றே. கடைசி இருவரும் நெடுநேரம் நின்று அனைவரையும் சோதித்தனர். ஜூலை 22ஆம் நாள் பிரக்யான் ஓஜாவின் துடுப்பின் விளிம்பிற் பட்ட பந்தை ஸ்லிப்பில் நின்ற மஹேல ஜயவர்தன பிடித்தார். 133 டெஸ்டுகளில் 800 விக்கெட்டுகள். முரளிதரன் பந்தில் ஜயவர்தன பிடித்தவை மட்டும் 77.

ஒருநாள் ஆட்டங்களில் அவர் பெற்ற விக்கெட்டுகள் 534. அவற்றுட் கடைசி, 2011 மார்ச் 29ஆம் நாள் உலகக் கிண்ண அரையிறுதியில் வீழ்ந்தது. நியூசிலாந்தின் ஸ்கொட் ஸ்டைரிஸ் என்பவரைத் தம் இறுதி ஓவரின் இறுதிப் பந்திற் காலில் வாங்கச் செய்து ஆட்டமிழக்கச் செய்தார். பத்தொன்பது ஆண்டுகளுக்குமுன் மெக்டேர்மட்டை வீழ்த்திய அதே பிரேமதாச மைதானம் அது; தாய்நாட்டில் அவர் சர்வதேச ஆட்டத்தில் வீசிய கடைசிப் பந்தும் அதுவே. நான்கு நாளின் பின் மும்பாயில் இந்தியாவுக்கெதிரான இறுதியாட்டத்தில், முற்றும் ஆறாத காயங்களோடு எட்டு ஓவர்கள் வீசினார். அவற்றில் அவருக்கு விக்கெட் எதுவும் கிடைக்கவில்லை.